கீசர் தெர்மோஸ்டாட்டை நாமே மாற்றுவது எப்படி

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து மலை ஏறினால் வரும் வி.கோட்டா, பலமநேர், குப்பம் எல்லாம் கடல்மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர்கள். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலைத் தண்ணீரில் கை வைக்க முடியாது. மலைக்குக் கீழேயும் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் இப்போது கீசர் வந்துவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கமோ ஆந்திரப் பக்கமோ, எல்லைக்கு இருபுறமும் பூமிக்கடியில் இருப்பது கருங்கல் பாறைதான். போர்வெல்லிலிருந்து வருவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். அந்த உப்புத் தண்ணீரும், ஏறி இறங்குகிற வோல்டேஜும் சேர்ந்து கீசரை ஒரு வழி பண்ணிவிடும்.

தண்ணீர் சுடவில்லை என்றதும் பலர் கீசரையே மாற்ற நினைக்கிறார்கள். பல நேரங்களில் போயிருப்பது, தண்ணீர் போதுமான அளவு சுட்டதும் கரண்டை நிறுத்துகிற, சில நூறு ரூபாய் விலையுள்ள தெர்மோஸ்டாட் மட்டும்தான். கையில் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்து, பொறுமையும் இருந்தால் அதை நீங்களே மாற்றிவிடலாம். சாமான் கையில் இருந்தால் அரை மணி, முக்கால் மணி நேர வேலை. ஆனால் கரண்டும் தண்ணீரும் ஒரே இடத்தில் சேர்கிற சாதனம் இது. அதனால் கீழே சொல்வதை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கை வையுங்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது செய்ய வேண்டாம்.

இங்கே சொல்வது சுவரில் மாட்டியிருக்கும் 6, 10, 15, 25 லிட்டர் கரண்ட் கீசருக்கு. கேஸ் கீசருக்கு இது பொருந்தாது, அதைத் திறக்கவே திறக்காதீர்கள். வாரன்டி முடியாத கீசரையும் திறக்க வேண்டாம். மூடியைக் கழற்றிவிட்டால் கம்பெனி பொறுப்பேற்காமல் போகலாம், முதலில் கார்டை எடுத்துப் படியுங்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

கீசருக்குள் ஒரு டேங்க், அதற்குள் தண்ணீரைச் சுடவைக்கும் ஒரு காயில். பெரும்பாலான வீட்டுக் கீசர்களில் காயில் 2,000 வாட். காயிலுக்குப் பக்கத்திலேயே, அது பொருத்தப்பட்ட அதே தகட்டிலிருந்து ஒரு மெல்லிய குழாய் டேங்குக்குள் நீண்டிருக்கும். அதன் உள்முனை அடைத்திருக்கும், தண்ணீர் உள்ளே வராது. தெர்மோஸ்டாட்டின் நீளமான கம்பி அந்தக் குழாய்க்குள்தான் செருகியிருக்கிறது. டேங்கில் இருக்கும் தண்ணீரைக் காலி செய்யாமலே தெர்மோஸ்டாட்டை உருவி எடுக்க முடிவது இதனால்தான்.

அந்தக் கம்பியும் உண்மையில் ஒரு பித்தளைக் குழாய்தான். அதற்குள் இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவையில் செய்த இன்னொரு கம்பி இருக்கும். சூடு ஏறினால் பித்தளை நீளும், இன்வார் அநேகமாக நீளாது. 20 சென்டிமீட்டர் நீளக் கம்பியில் 40 டிகிரி சூடு ஏறினால் இரண்டுக்கும் நடுவே வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். அந்த மயிரிழை அசைவு தலைப்பகுதியில் இருக்கிற சுவிட்சை இழுக்கிறது, ‘டிக்’ என்ற சத்தத்தோடு கரண்ட் நிற்கிறது. தண்ணீர் ஆறினால் மறுபடி ‘டிக்’, காயில் சுட ஆரம்பிக்கிறது. எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. இன்வாரைக் கண்டுபிடித்த சார்ல் எதுவார் கியோமுக்கு 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தக் கண்டுபிடிப்பு நம் வீட்டுக் குளியலறையில் தினமும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இதோடு கட்-அவுட் என்று இன்னொரு பாதுகாப்பு உண்டு. தெர்மோஸ்டாட் நிறுத்தத் தவறி தண்ணீர் கொதிநிலையை நெருங்கினால், அது குறுக்கே வந்து கரண்டை வெட்டிவிடும். சில கீசர்களில் அது தெர்மோஸ்டாட்டின் தலையிலேயே இருக்கும், சின்ன பட்டன் ஒன்று தெரியும். சிலவற்றில் வட்டமான சின்ன வில்லையாகத் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

முதலில், போனது தெர்மோஸ்டாட்தானா?

கீசரைத் தொடுவதற்கு முன் பிளக்கைப் பாருங்கள். 2,000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சாக்கெட் தளர்ந்திருந்தால் பிளக் முள் கருகிப்போகும், சாக்கெட்டின் பிளாஸ்டிக் உருகியிருக்கும். அப்படி இருந்தால் மாற்ற வேண்டியது 16 ஆம்பியர் சாக்கெட்டும் பிளக்கும்தான். எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது வோல்டேஜ். கிராமங்களில் லைன் கடைசியில் இருக்கிற வீடுகளுக்கு, எல்லோரும் மோட்டார் போடுகிற காலை நேரத்தில் வோல்டேஜ் வெகுவாக இறங்கிவிடும். 230 வோல்ட்டில் 2,000 வாட் கொடுக்கிற காயில், 180 வோல்ட்டில் 1,225 வாட்தான் கொடுக்கும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர, சரியான வோல்டேஜில் சுமார் 18 நிமிடம் ஆகும். அதே வேலைக்கு 180 வோல்ட்டில் அரை மணி நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் டேங்க் தண்ணீரே சில்லென்று இருப்பதால் இன்னும் தாமதமாகும். ‘முன்ன மாதிரி சுட மாட்டேங்குது’ என்ற புகார் இப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தால் தெர்மோஸ்டாட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். மதியம் வோல்டேஜ் நன்றாக இருக்கும்போது ஒருமுறை போட்டு, கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

வோல்டேஜும் சரி, பிளக்கும் சரி என்றால் கீசரின் விளக்குகளைக் கவனியுங்கள். பல மாடல்களில் கரண்ட் வருவதற்கு ஒரு விளக்கும், சுடுவதற்கு ஒரு விளக்கும் இருக்கும். கரண்ட் விளக்கு எரிந்து, சுடும் விளக்கு ஆறிய தண்ணீரிலும் எரியாவிட்டால் தெர்மோஸ்டாட் அல்லது கட்-அவுட் திறந்துகொண்டிருக்கிறது. இரண்டும் எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருந்தால் பெரும்பாலும் காயில் போயிருக்கும். எம்சிபி அல்லது ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருந்தாலும் சந்தேகம் காயில் மேல்தான்.

சுடும் விளக்கு அணையவே அணையாமல், குழாயைத் திறந்தால் ஆவியும் தண்ணீருமாகச் சீறி வந்தால் அது ஆபத்து. தெர்மோஸ்டாட்டின் உள்முனைகள் தீப்பொறியில் ஒட்டிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். கட்-அவுட்டும் வேலை செய்யவில்லை. அந்த நிமிடமே எம்சிபியை இறக்குங்கள். டேங்க் தானாக ஆறும்வரை பக்கத்தில் யாரும் போக வேண்டாம்.

குழாயைத் தொட்டால் ‘ஜிவ்’ என்று கரண்ட் அடித்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அங்கே காயிலும் கசிகிறது, எர்த்தும் சரியில்லை.

கரண்டை நிறுத்துவது

சுவிட்சை மட்டும் ஆஃப் செய்துவிட்டு வேலையை ஆரம்பிப்பதுதான் எல்லோரும் செய்வது. அது போதாது. பழைய வயரிங்கில் சுவிட்சை நியூட்ரலில் போட்டிருப்பார்கள். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் கீசருக்குள் பேஸ், அதாவது கரண்ட் வருகிற லைன், வந்து நிற்கும். அதனால் எம்சிபியை இறக்குங்கள், பிளக்கையும் பிடுங்கிக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தொங்கவிடுங்கள். பிளக் இல்லாமல் நேராக வயர் போயிருந்தால் மெயினையே இறக்கிவிட்டு, வீட்டில் இருப்பவர்களிடம் ‘நான் சொல்றவரைக்கும் யாரும் போடாதீங்க’ என்று சொல்லிவையுங்கள். கரண்ட் கட் ஆகியிருக்கிற நேரத்தில் ‘இப்பதான் கரண்ட் இல்லையே’ என்று கை வைப்பது மகா தவறு. அது எந்த நிமிடமும் திரும்பி வரும்.

டெஸ்டரை முதலில் கரண்ட் இருக்கிற ஒரு சாக்கெட்டில் வைத்து, அது எரிகிறது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கெட்டுப்போன டெஸ்டர் எங்கே வைத்தாலும் எரியாது, அதை நம்பிக் கை வைத்தால் உயிர் போகும்.

குளியலறைத் தரையைத் துடைத்துக் காயவிடுங்கள். காலில் உலர்ந்த ரப்பர் செருப்பு. ஏறி நிற்க ஆடாத ஏணி. பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஈரத் தரையில் அது வழுக்கும்.

அப்புறம் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் பச்சையாக வரும்வரை விடுங்கள். டேங்கும் கம்பியும் ஆறிவிடும். கீசருக்குத் தண்ணீர் போகிற வால்வை மூடிவிட்டால் மூடியைத் திறக்கத் தயார்.

திறந்து பார்த்தல்

நேராகத் தொங்கும் கீசரில் அடிமூடியைத்தான் கழற்ற வேண்டும். இரண்டிலிருந்து நான்கு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று ஸ்டிக்கருக்குக் கீழே ஒளிந்திருப்பதும் உண்டு. குளியலறை ஈரத்தில் ஸ்க்ரூ தலைகள் துருப்பிடித்துப் போயிருக்கும். அளவு சரியான ஸ்க்ரூ டிரைவரை நன்றாக அழுத்திப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள், தலை மழுங்கிவிட்டால் பிறகு பெரிய தொல்லை. சில மாடல்களில் மூடி, தண்ணீர்க் குழாய்கள் வழியாகக் கீழே இறங்கி நிற்கும். குழாய்களைக் கழற்றினால்தான் மூடி வரும் என்ற மாடல் என்றால் டேங்கைக் காலி செய்ய வேண்டிவரும். முதல்முறை செய்கிறவர்கள் அந்த மாடலை விட்டுவிடுவது நல்லது.

மூடி இறங்கியதும் எதையும் தொடாதீர்கள். மறுபடி டெஸ்டரை எடுத்து, வயர் வந்து சேரும் முனைகள் எல்லாவற்றிலும் வைத்துப் பாருங்கள். எதிலும் எரியக் கூடாது. பிறகு போனில் நான்கைந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வயரும் எங்கே போகிறது, என்ன நிறம் என்று படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்தப் படம்தான் வழி காட்டும்.

உள்ளே வட்டமான அல்லது சதுரமான ஒரு இரும்புத் தகடு, சுற்றி நட்டுகளோடு இருக்கும். அதன் நடுவே காயிலின் இரண்டு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்பு அல்லது பழுப்பு நிறப் பேக்கலைட் பெட்டிதான் தெர்மோஸ்டாட்டின் தலை. பச்சை வயர், எர்த், தகட்டிலோ டேங்கின் உடம்பிலோ ஸ்க்ரூ போட்டிருக்கும். சுற்றியுள்ள அந்த நட்டுகளை மட்டும் தொட வேண்டாம். அவற்றைத் தளர்த்தினால் 15 லிட்டர் தண்ணீரும் உங்கள் தலையில்தான் கொட்டும்.

சில மாடல்களில் கம்பிக்குப் பதில், தலைமுடி போல் மெல்லிய செம்புக் குழாய் ஒன்று போய் முனையில் சின்னக் குமிழோடு முடியும். அதையும் இதே முறையில் மாற்றலாம், அந்தச் செம்புக் குழாய் மடங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மல்டிமீட்டர் சொல்வது

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். தெர்மோஸ்டாட்டிலிருந்து வயர்களைக் கழற்றி, காயில் முனைகளைத் தனியாக்கிவிட்டு ஓம் அளவில் வையுங்கள்.

காயிலின் இரு முனைகளுக்கு நடுவே 2,000 வாட் காயிலுக்கு 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். இரண்டு மூன்று ஓம் கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. அப்புறம் மீட்டரை அதன் மிகப்பெரிய ஓம் அளவுக்கு மாற்றி, மீட்டரின் ஒரு கம்பியைக் காயில் முனையிலும் இன்னொன்றைத் தகட்டின் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். இங்கே எதுவுமே காட்டக் கூடாது. ஏதாவது எண் வந்தால் காயில் உடம்போடு கசிகிறது. தெர்மோஸ்டாட் மாற்றிப் பயனில்லை.

இப்போது தெர்மோஸ்டாட். ஆறிய நிலையில் அதன் உள்வரும் முனைக்கும் வெளிச்செல்லும் முனைக்கும் நடுவே ஏறக்குறைய 0 ஓம் வர வேண்டும். வராவிட்டால் கட்-அவுட் பட்டனை நன்றாக அழுத்துங்கள். ‘டிக்’ என்று உள்ளே போய் மீட்டர் 0 காட்டினால் தெர்மோஸ்டாட் உடையவில்லை, கட்-அவுட் விழுந்திருந்தது. அப்படியே மூடிவிட்டு ஓட்டலாம் என்று தோன்றும். ஆனால் கட்-அவுட் காரணமில்லாமல் விழாது. தெர்மோஸ்டாட் நேரத்துக்கு நிறுத்தியிருக்காது, அல்லது உள்ளே உப்பு கெட்டியாகப் படிந்திருக்கும், இல்லையென்றால் டேங்கில் தண்ணீர் இல்லாமல் யாராவது போட்டிருப்பார்கள்.

நிறுத்துகிறதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. தெர்மோஸ்டாட்டை நேராகக் கீழே இழுத்து உருவிக்கொள்ளுங்கள். துருவில் பிடித்திருந்தால் இடமும் வலமுமாக மெல்ல அசைத்து இழுக்க வேண்டும். சுத்தியலோ நெம்புகோலோ கூடவே கூடாது, உள்ளே இருக்கும் குழாயின் தகடு மெல்லியது. அடுப்பில் கொதித்து இறக்கிய தண்ணீரில் கம்பியை மட்டும் முக்கி, தலை நனையாமல் பிடித்துக்கொண்டு, டயலைக் குறைந்த அளவில் வையுங்கள். மீட்டர் முனைகளில் இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் ‘டிக்’ சத்தம் வந்து மீட்டர் எண் மறைய வேண்டும், வெளியே எடுத்து ஆறினால் மறுபடி 0 வர வேண்டும். பழையது இந்தச் சோதனையில் தேறாவிட்டால் சந்தேகமே வேண்டாம், மாற்றுங்கள். கடையில் வாங்கிவந்த புதியதையும் பொருத்துவதற்கு முன் இப்படிச் சோதிப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன்.

உருவும்போது கம்பி ஈரமாக வந்தாலோ, குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வடிந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்துங்கள். குழாய் ஓட்டையாகிவிட்டது. புது தெர்மோஸ்டாட் போட்டால் அதன் தலைக்குள் தண்ணீர் ஏறும். காயிலோடு சேர்த்து அந்தத் தகட்டையே மாற்ற வேண்டும்.

‘டைரக்ட்’ கொடுப்பது பற்றி

இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கடையில் சாமான் கிடைக்கவில்லை, இல்லை வீட்டுக்காரர் அவசரப்படுகிறார். ‘அக்கா, தெர்மோஸ்டாட்ட எடுத்துட்டு டைரக்ட்டா குடுத்துட்டேன், பத்து நிமிஷம் போட்டு ஆஃப் பண்ணிடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மறுநாள் தண்ணீர் நன்றாகச் சுடும், வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள்.

அந்தக் கீசரில் இப்போது கரண்டை நிறுத்த எதுவுமே இல்லை. ஒருநாள் போன் வரும், குழந்தை அழும், கீசர் ஓடிக்கொண்டே இருக்கும். மூடிய டேங்கில் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீராகவே நிற்கும். டேங்க் எங்காவது விட்டுக்கொடுத்தால் அதில் ஒரு பகுதி ஒரே நொடியில் ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். கீசர் வெடிப்பது என்பது இதுதான். அழுத்தத்தை வெளியேற்ற சேஃப்டி வால்வு இருக்கிறதே என்று கேட்கலாம். நம் பக்கத்துத் தண்ணீரில் அந்த வால்வின் வாயும் உப்பால் அடைத்துப்போய்விடும்.

தெர்மோஸ்டாட் கிடைக்கும்வரை அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக் குளியுங்கள். டைரக்ட் வேண்டவே வேண்டாம், ஒருநாளைக்குக்கூட. உங்கள் கீசரைத் திறக்கும்போது யாரோ ஏற்கெனவே டைரக்ட் கொடுத்திருப்பது தெரிந்தால், தெர்மோஸ்டாட்டும் கட்-அவுட்டும் இரண்டும் பொருத்தாமல் மூடியைப் பூட்டாதீர்கள்.

கடையில்

பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். கீசர் ஸ்டிக்கரையும் படம் எடுத்துவையுங்கள். குடியாத்தத்திலோ சித்தூரிலோ பலமநேரிலோ எலக்ட்ரிகல் கடைகளில் சாதாரண அளவுகள் கிடைக்கும். கம்பியின் நீளம் முக்கியம். தலைக்குக் கீழிருந்து முனைவரை அளந்து, அதே நீளத்தில் வாங்குங்கள், 7 அங்குலமும் 11 அங்குலமும் அதிகம் புழங்குபவை. நீளம் கூடினால் தலை உட்காராது. குறைந்தால் காயிலுக்குப் பக்கத்துச் சூட்டை மட்டும் பார்த்துவிட்டுச் சீக்கிரமே நிறுத்திவிடும். கம்பியின் தடிமனும், காயில் முனையில் பொருந்தும் விதமும் பழையதைப் போலவே இருக்க வேண்டும். 250 வோல்ட், 16 ஆம்பியருக்குக் குறையாத அளவு எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பழையதில் கட்-அவுட் தலையோடு சேர்ந்திருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். ‘இதுவும் போட்டா வேலை செய்யும்ணா’ என்று கட்-அவுட் இல்லாததைக் கொடுத்தால் வாங்காதீர்கள். பெயரில்லாத மலிவுச் சரக்கைத் தவிர்த்து, கீசர் கம்பெனியின் சொந்த உதிரிபாகம் கிடைத்தால் அதையே எடுங்கள். பத்து இருபது ரூபாய் பார்க்கிற இடம் இது இல்லை.

பொருத்துவது

குழாய்க்குள் மெல்லிய குச்சியில் உலர்ந்த துணி சுற்றி ஒருமுறை துடைத்துவிடுங்கள். புதுக் கம்பியை நேராக மேலே செருகி, தலை காயில் முனைகளில் நன்றாக உட்காரும்வரை தள்ளுங்கள். பாதியில் தடுத்தால் அழுத்தாதீர்கள், வெளியே எடுத்து நேராகப் பிடித்து மறுபடி செருகுங்கள்.

பழைய வயர் முனைகள் கருகியோ பச்சை பூத்தோ இருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிட்டு, ஒரு சென்டிமீட்டர் உறையை உரித்து, இழைகளை முறுக்கி, புதிய திம்பிள் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொக்கி) போட்டு அழுத்திக்கொள்ளுங்கள். வயர் நீளம் போதாவிட்டால் சாதாரண பிளாஸ்டிக் வயரை ஒட்டுப்போட வேண்டாம். உள்ளே இருப்பது சூடு தாங்கும் வயர், அதே ரகம் கேட்டு வாங்குங்கள். ஸ்க்ரூக்களை இறுக்கமாகத் திருப்புங்கள், பேக்கலைட் உடையும் அளவுக்குப் போக வேண்டாம். இழுத்துப் பார்த்தால் எந்த வயரும் அசையக் கூடாது. கீசருக்குள் தீப்பிடிப்பதற்கும் முனை கருகுவதற்கும் காரணம் பெரும்பாலும் தளர்ந்த ஸ்க்ரூதான்.

பேஸ் வயர்தான் தெர்மோஸ்டாட் வழியாகப் போக வேண்டும். ஒரே ஒரு லைனை மட்டும் வெட்டுகிற தெர்மோஸ்டாட்டில் நியூட்ரலைக் கொடுத்துவிட்டால், அது நிறுத்திய பிறகும் காயிலில் பேஸ் நிற்கும். சாக்கெட்டை நேராகப் பார்க்கும்போது பெரிய ஓட்டை மேலே எர்த், வலது பக்கம் பேஸ், இடது பக்கம் நியூட்ரல் என்று இருக்க வேண்டும். உங்கள் வீட்டுச் சாக்கெட்டில் இடம் வலம் மாறியிருந்தால் அதையும் சரிசெய்தாக வேண்டும். விளக்கு வயர்களைப் படத்தில் இருந்தபடியே பூட்டுங்கள். பச்சை வயரைக் கடைசியாக ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

தலையில் இருக்கும் டயலை 55, 60 டிகிரிக்கு வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் உப்பு வேகமாகப் படியும். 60 டிகிரித் தண்ணீர் நேராக மேலே பட்டால் ஐந்தாறு நொடியில் பெரியவர்கள் தோலே வெந்துவிடும், குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். பச்சைத் தண்ணீரை முதலில் பிடித்து, சுடுதண்ணீரைப் பிறகு கலக்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். ரொம்பக் குறைத்தும் வைக்க வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் கிருமி வளரும்.

தண்ணீர் நிரப்பிவிட்டுத்தான் கரண்ட்

மூடியைப் பூட்டுங்கள். உள்வரும் வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயையும் திறந்துவையுங்கள். காற்று புசுபுசு என்று வந்து முடிந்து, தண்ணீர் ஒரே சீராகக் கொட்ட வேண்டும். மாடி டேங்க் காலியாக இருந்து கீசருக்குள் தண்ணீர் இல்லாமல் கரண்ட் கொடுத்தால் காயில் சில நிமிடங்களில் போய்விடும். கோடையில் போர் வற்றுகிற ஊர்களில் இது அடிக்கடி நடக்கிறது.

பிளக்கைச் செருகி எம்சிபியைத் தூக்குங்கள். சுடும் விளக்கு எரிகிறதா? நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் என்றால் 20 நிமிடத்தை ஒட்டி, 25 லிட்டர் என்றால் அரை மணி நேரத்தை ஒட்டி விளக்கு தானாக அணைய வேண்டும். முதல்முறை அணையும்வரை வேறு வேலைக்குப் போகாமல் அங்கேயே இருங்கள். வோல்டேஜ் நன்றாக இருந்தும் முக்கால் மணி நேரமாகியும் அணையாவிட்டால் எம்சிபியை இறக்கிவிட்டு, கம்பி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். அணைந்த பிறகு கொஞ்சம் சுடுதண்ணீர் பிடித்துவிட்டால் மறுபடி எரிய வேண்டும். முதல் ஒரு வாரம், கீசரை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கியதும் அதைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட் தளர்ந்திருக்கிறது.

ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் 30 மில்லி ஆம்பியரில் ஒன்று போடச் சொல்லுங்கள். கீசர் இருக்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல செலவு கிடையாது. இருக்கிறது என்றால் மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும்.

எர்த் விஷயத்தில் நம் பக்கம் கூடுதல் கவனம் தேவை. பச்சை கிரானைட்டுக்குப் பெயர்போன குப்பத்தைச் சுற்றிய ஊர்களில் நாலடி தோண்டினாலே பாறை தட்டும். எர்த் குழி ஆழமில்லாமல் இருக்கும், கோடையில் மண் காய்ந்துபோனால் கரண்ட் பூமிக்குள் இறங்காது. உப்பும் கரியும் போட்ட குழி என்றால் வெயில் காலத்தில் அதில் அவ்வப்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

உப்பு

தெர்மோஸ்டாட் அடிக்கடி போகிற வீட்டில் தெர்மோஸ்டாட்டை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் தீராது. உப்புத் தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகக் காயிலிலும் குழாயிலும் படியும். படிந்த காயிலைக் கழற்றிப் பார்த்தால் உலோகமே தெரியாது. அழுக்கு வெள்ளையும் பழுப்புமாக, விரல் தடிமனுக்கு, அடுக்கடுக்காக ஓடு கட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும், அடியில் இருக்கிற அடுக்கு கல்லாக நிற்கும். அந்த ஓட்டுக்குள் காயில் அளவுக்கு மீறிச் சுடுகிறது. தெர்மோஸ்டாட் குழாய்க்கோ தண்ணீரின் சூடு தாமதமாகத்தான் எட்டுகிறது. தெர்மோஸ்டாட் தாமதமாக நிறுத்தும், கட்-அவுட் அடிக்கடி விழும். கீசர் ஓடும்போது உள்ளே கரகரவென்று சத்தம் வந்தால் இதுதான் காரணம்.

இதற்கு டேங்கைக் காலி செய்து, நட்டுகளைக் கழற்றி, காயிலை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து, தண்ணீர் கசியாமல் அடைக்கும் புது கேஸ்கெட் போட்டுப் பூட்ட வேண்டும். தெரிந்தவரை வைத்து வருஷத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். சுத்தம் செய்ய வினிகரோ சிட்ரிக் ஆசிட் கரைசலோ போதும். தரை கழுவும் ஆசிட் டேங்கின் உள்பூச்சையே தின்றுவிடும். அப்போதே மெக்னீசியம் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்கத் தான் கரைந்துபோகிற கம்பி அது. மெலிந்து ஈர்க்குச்சியாகியிருந்தால் புதியது போட வேண்டும். சேஃப்டி வால்வில் நெம்பு இருந்தால் கீசர் ஆறியிருக்கும்போது அதைத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் வெளியே வர வேண்டும். வராவிட்டால் வால்வை மாற்றிவிடுங்கள்.

மூடியைப் பூட்டுவதற்கு முன் அதன் உள்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் மாற்றிய தேதி, கம்பியின் நீளம், ஆம்பியர் மூன்றையும் எழுதிவிடுங்கள். அடுத்து திறக்கிறவர் கடைக்குப் போகும் முன்பே என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்வார்.